ரேடியோ மாட்யூலில் சின்ன சென்சார் போர்டு: வரிசை பிசகாமல் கட்டும் முறை

இங்கே நாம் கட்டப்போவது இரண்டு ஏஏஏ பேட்டரியின் முதுகில் அடங்கிவிடும் ஒரு போர்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெப்பம், ஈரப்பதம், பேட்டரி வோல்டேஜ் மூன்றையும் ரேடியோவில் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். மைக்ரோகண்ட்ரோலர் ஏடிமெகா328பி, ரேடியோ ஆர்எஃப்எம்69எச்சிடபிள்யூ, சென்சார் பிஎம்இ280. வேறு சிப், வேறு மாட்யூல் வைத்திருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

புதிதாகச் செய்பவர்கள் சால்டரிங்கில்தான் தடுமாறுவார்கள் என்று நினைத்தால், இல்லை. மாட்யூலை முதலில் வாங்கி, அதைச் சுற்றிப் போர்டை வரைந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டு, பேட்டரியைக் கடைசியில் தேடுகிறார்கள். போர்டு பேசவில்லை என்றால் பத்து சந்தேகம் ஒரே நேரத்தில் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் வராமலே போய்விடும்: பேட்டரியும் ஆன்டெனாவும் முதலில், மாட்யூலை ஒட்டுவது கடைசியில்.

1. பேட்டரியும் ஆன்டெனாவும் போர்டுக்கு முன்னால்

மாட்யூல் வெறும் 16 மிமீக்கு 16 மிமீ. ஆனால் ஏஏஏ பேட்டரியின் நீளம் 44.5 மிமீ, 868 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவாகும் கால் அலைக் கம்பியோ 82 மிமீ. இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்காமல் 20 மிமீ போர்டு வரைவதில் பயனில்லை. முதலில் பெட்டியையும் பேட்டரியையும் கையில் எடுத்து அடுக்கிப் பாருங்கள். மிச்சம் இருக்கும் இடம்தான் போர்டின் அளவு.

அடுத்தது மின்கணக்கு. எழுந்து, அளந்து, அனுப்ப மொத்தம் 50 மில்லி விநாடி ஆகிறது, அந்த நேரம் முழுக்க 45 மில்லி ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 288 தடவை, அதாவது 0.18 மில்லி ஆம்பியர் மணி. தூக்கத்தில் 6 மைக்ரோ ஆம்பியர் போனால் நாளுக்கு 0.144. கூட்டினால் 0.324. ஏஏஏ பேட்டரி ஏறத்தாழ 1000 மில்லி ஆம்பியர் மணி தரும். காகிதக் கணக்கில் எட்டு வருடத்துக்கு மேல் வரும். நிஜத்தில் பேட்டரி தன்னால் இறங்குவதும் சேர்ந்துகொள்ளும், அது வேறு விஷயம்.

அதே போர்டு தூக்கத்தில் 200 மைக்ரோ ஆம்பியர் குடித்தால்? நாளுக்கு 4.8 தூக்கத்துக்கே போய்விடும். ஆயுள் 200 நாள். அனுப்பும் சக்தியைக் குறைப்பதா, தகவலைச் சுருக்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பாருங்கள். பேட்டரி பெரும்பாலும் தூக்கத்தில்தான் கரைகிறது.

சிஆர்2032 நாணய பேட்டரி ஆசை காட்டும். அதன் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர் மணி அளவு. கணக்கில் அது போதும்தான். இடிப்பது அதன் உள்மின்தடை. புதிதாக இருக்கும்போதே 10 ஓமுக்கு மேல் இருக்கும், பேட்டரி வயதாக ஆக ஏறிக்கொண்டே போகும். 45 மில்லி ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 20 டிபிஎம் (ரேடியோ சக்தியை அளக்கும் அலகு) சக்தியில் ஆர்எஃப்எம்69 இழுக்கும் 130 மில்லி ஆம்பியரை அந்தப் பேட்டரி தரவே தராது. சில மில்லி விநாடியில் முடியும் குட்டிச் செய்தியைக் குறைந்த சக்தியில் அனுப்புவதாக இருந்தால் மட்டும் நாணய பேட்டரியை யோசியுங்கள். லோரா (வெகுதூரம் போகும், மெதுவான ரேடியோ முறை) என்றால் விட்டுவிடுங்கள். அதன் மெதுவான அமைப்புகளில் ஒரே செய்தி ஒரு விநாடிக்கு மேல் ஓடும்.

லித்தியம் பேட்டரி என்றால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். மாட்யூலின் உச்சவரம்பு 3.6, ஆகவே ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் பாகம்) கட்டாயம். பலரிடம் கிடக்கும் ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கும்போதே சில மில்லி ஆம்பியர் குடிக்கும்; இந்த வேலைக்கு அதைத் தொடாதீர்கள். எம்சிபி1700 போன்றது 1.6 மைக்ரோ ஆம்பியரில் இருந்துகொள்ளும். இரண்டு ஏஏஏ என்றால் ரெகுலேட்டரே வேண்டாம். அதனால்தான் முதல் போர்டுக்கு நான் அதைச் சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், 1.5 முதல் 2 மிமீ அகல உளி முனை, 0.5 மிமீ சால்டர் கம்பி, நோ-க்ளீன் (பிறகு கழுவத் தேவையில்லாத) வகை ஜெல் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை), நுனி வளையாத ட்வீசர், சால்டர் உறிஞ்சும் செப்புப் பின்னல், உருப்பெருக்கி. பிஎம்இ280-இன் பேட்கள் (சால்டர் வைக்கும் செப்புப் பரப்புகள்) வயிற்றுக்கு அடியில் இருப்பதால் ஹாட் ஏர் அல்லது ஹாட் பிளேட் ஏதாவது ஒன்று வேண்டும்.

ஊசிபோன்ற கூர்முனையை எடுத்து வைத்துவிடுங்கள். சின்ன வேலைக்குச் சின்ன முனை என்று தோன்றும். ஆனால் அந்த நுனி வெப்பத்தைக் கடத்தாது. கிரவுண்ட் பேடில் வைத்ததும் சால்டர் உருகாமல் கூழாக நிற்கும்.

மின்சாரப் பக்கத்தில் கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை ஒன்று, மைக்ரோ ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று. புரோகிராமர் 3.3 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டும். 5 வோல்ட் புரோகிராமரைச் செருகினால் ஏடிமெகா தாங்கும், கூட இருக்கும் ரேடியோவும் சென்சாரும் தாங்காது. புரோகிராமரில் உள்ள வோல்டேஜ் ஜம்பரை நம்பாமல் அதன் பவர் பின்னில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

3. மாட்யூலின் முழுப்பெயரைப் படியுங்கள்

ஆர்எஃப்எம்69 என்று மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. சிடபிள்யூ வகைக்கு 14 பின், எச்சிடபிள்யூ வகைக்கு 16 பின். பின் அடுக்கும் வேறு. லோரா மாட்யூலான ஆர்எஃப்எம்95, எச்சிடபிள்யூவின் அதே அச்சில் (போர்டில் உள்ள பேட்களின் அமைப்பில்) உட்காரும். ஒரே போர்டில் இரண்டையும் மாற்றிப் போட வசதி.

அந்த வசதியில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்எஃப்எம்69-இன் ரீசெட் பின்னை மேலே (பவர் பக்கம்) இழுத்தால் ரீசெட் ஆகும். ஆர்எஃப்எம்95-இன் ரீசெட் பின்னைக் கீழே (கிரவுண்ட் பக்கம்) இழுத்தால் ஆகும். ஒன்றுக்கு வரைந்த போர்டில் அந்தப் பின்னை பவரோடு கட்டிவைத்து மற்றதை ஒட்டினால், ரேடியோ நிரந்தரமாக ரீசெட்டில் கிடக்கும். அந்தப் பின்னை மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு பின்னுக்குக் கொண்டுபோங்கள். பின் மிச்சமில்லை என்றால் எதிலும் கட்டாமல் விடுங்கள்.

அலைவரிசையையும் பாருங்கள். உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டை நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 915, இந்தியாவில் 865இல் தொடங்கும் பட்டை. 868க்கும் 915க்கும் மாட்யூல் அநேகமாக ஒன்றே, 433க்கானது வேறு. உள்ளே இருக்கும் சிப் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதைச் சுற்றியுள்ள வடிகட்டி ஏற்காது. 433 மாட்யூலை 868இல் பேசவைத்தால் மேசைமேல் அருமையாக வேலை செய்யும், அடுத்த அறைக்குப் போனதும் நின்றுவிடும்.

4. சர்க்யூட்: நான்கு இடத்தில் மட்டும் கவனம்

மற்றதெல்லாம் டேட்டாஷீட்டில் இருப்பதுதான். எஸ்பிஐயின் (சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) மூன்று கம்பிகள், எந்தச் சிப்பிடம் பேசுகிறோம் என்று காட்டும் சிப் செலக்ட், ரேடியோவின் டிஐஓ0 பின்னிலிருந்து ஏடிமெகாவின் இன்டரப்ட் (உடனே கவனிக்கச் சொல்லும்) பின்னுக்கு ஒரு கம்பி, சென்சாருக்கு ஐ2சி (இன்னொரு பேச்சு முறை) இரண்டு கம்பி. தவறு நடக்கும் இடங்கள் இவை.

சிப் செலக்ட் கம்பியில் பவருக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். புரோகிராமரும் ரேடியோவும் ஒரே எஸ்பிஐ கம்பிகளைப் பகிர்கின்றன. புரோகிராம் ஏற்றும்போது ஏடிமெகா ரீசெட்டில் இருக்கும், அதன் பின்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். சிப் செலக்ட்டும் தொங்கினால் ரேடியோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் குறுக்கே பேசும். புரோகிராமர் சிப்பை அடையாளம் தெரியவில்லை என்று நின்றுவிடும். இந்த ஒரு ரெசிஸ்டர் இல்லாததால் நல்ல சிப்பைக் கழற்றி எறிந்தவர்கள் நிறைய.

ரேடியோவின் பவர் பின்னுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று. அனுப்பத் தொடங்கும் நொடியில் கரண்ட் ஒரேயடியாக எகிறும். பேட்டரியிலிருந்து டிராக் (போர்டில் உள்ள செப்புக் கோடு) வழியே அது வந்து சேரும் முன் வோல்டேஜ் சரியும். கெபாசிட்டர் பின்னிலிருந்து 20 மிமீ தள்ளி இருந்தால் இருந்தும் இல்லாததுபோல்தான். பெரிய எலக்ட்ரோலிடிக் போட ஆசைப்படாதீர்கள், அதன் கசிவே சில மைக்ரோ ஆம்பியர் வரும்.

பேட்டரி வோல்டேஜ் அளக்க ரெசிஸ்டர் பிரிப்பான் வேண்டாம். ஏடிமெகாவுக்குள் 1.1 வோல்ட் ஆதாரம் இருக்கிறது. பவரை அளவுகோலாக வைத்து அதை அளந்தால் பவர் எவ்வளவு என்று கணக்கில் வந்துவிடும். ஒரு பாகமும் தேவையில்லை, கசிவும் இல்லை.

பவர் எல்இடி போடாதீர்கள். அது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் குடிக்கும். சோதனைக்கு வேண்டுமென்றால் மைக்ரோகண்ட்ரோலர் பின் ஒன்றில் போட்டு, புரோகிராம் சொல்லும்போது மட்டும் மினுக்கட்டும்.

5. போர்டு வரைவு

வரையத் தொடங்கும் முன் மாட்யூலின் அச்சைக் காகிதத்தில் நூறு சதவீத அளவில் அச்சிட்டு, மாட்யூலை அதன்மேல் வையுங்கள். இந்த மாட்யூலின் பின் இடைவெளி 2 மிமீ. நூலகத்திலிருந்து எடுத்த அச்சு 0.1 மிமீ தவறினாலும் எட்டாவது பின்னில் வந்து தெரியும். ஒரு தாள் செலவில் ஒரு சுற்றுப் போர்டு மிச்சம்.

பேட்கள் மாட்யூலின் விளிம்பைத் தாண்டி வெளியே குறைந்தது 1 மிமீ நீளட்டும். மாட்யூலின் விளிம்பில் இருப்பவை பாதியாக வெட்டிய துளைகள். அயர்ன் நுனி ஒரே நேரத்தில் பேடையும் அந்தத் துளையின் சுவரையும் தொட வேண்டும். பேட் விளிம்போடு நின்றுவிட்டால் நுனிக்கு உட்கார இடமில்லை.

மாட்யூலுக்கு அடியில் வயா (அடுக்குகளை இணைக்கும் செப்புத் துளை), வெற்றுச் செம்பு, டிராக் எதுவும் வேண்டாம். மாட்யூலின் வயிற்றில் சோதனைப் புள்ளிகள் இருக்கலாம். மேலே பூசிய பச்சை மாஸ்க்கை மட்டும் நம்பி இரண்டு செம்பை ஒட்டி வைப்பது சரியல்ல.

இனி ஆன்டெனா. மாட்யூலை ஆன்டெனா பின் போர்டின் ஓரத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். பின்னிலிருந்து கம்பித் துளைக்கு 5 முதல் 10 மிமீக்குள் தூரம் இருந்தால் டிராக்கின் அகலம் பெரிதாகப் பாதிக்காது. தூரம் கூடினால் 50 ஓம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும், 1.6 மிமீ எஃப்ஆர்4 (வழக்கமான போர்டுப் பொருள்) இரட்டை அடுக்குப் போர்டில் அந்த டிராக் ஏறத்தாழ 3 மிமீ அகலம் வரும். சின்னப் போர்டில் அவ்வளவு அகலம் யாரிடம் இருக்கிறது? பின்னை ஓரத்துக்குக் கொண்டுபோவதே சுலபம்.

கால் அலைக் கம்பி பாதி ஆன்டெனாதான். மறுபாதி போர்டின் கிரவுண்ட் செம்பு. நியாயப்படி அந்தச் செம்பும் ஒரு பக்கமாவது கால் அலை நீளம், அதாவது 86 மிமீ போக வேண்டும் (கம்பியை மட்டும் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைத்து 82 என்று வெட்டுகிறோம்). நம் போர்டு 45 மிமீ. சின்னதாகக் கட்டும்போது நாம் தூரத்தை விற்றுத்தான் இடத்தை வாங்குகிறோம். இருப்பதையாவது வீணாக்காதீர்கள்: கீழ் அடுக்கு முழுவதும் கிரவுண்டாக ஊற்றுங்கள், நடுவில் டிராக்கால் அதை வெட்டாதீர்கள், மேல் கிரவுண்டோடு பல வயாக்களால் இணையுங்கள்.

போர்டிலேயே அச்சிட்ட ஆன்டெனா உள்ள மாட்யூல் (ஈஎஸ்பி வகைகள்) என்றால் விதி நேர் எதிர். அந்த ஆன்டெனாவுக்கு அடியில் எந்த அடுக்கிலும் செம்பு கூடாது. அது போர்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இன்னும் நல்லது. சுற்றிலும் 15 மிமீ காலியாக விடுங்கள். கிரவுண்ட் ஊற்றும்போது சாஃப்ட்வேர் அந்த இடத்தையும் சேர்த்து நிரப்பிவிடும், தடைப்பகுதி வரைய மறந்தால்.

சென்சாரை ரேடியோவுக்கும் ரெகுலேட்டருக்கும் எதிர் ஓரத்தில் வைத்து, சுற்றிலும் ஒரு பிளவு வெட்டுங்கள். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அரை டிகிரி பிழை அங்கிருந்துதான் வருகிறது.

கிரவுண்ட் பேடுகளை ஊற்றிய செம்போடு நேரடியாக இணைக்காமல், நான்கு மெல்லிய கால்களால் இணைக்கும் தெர்மல் ரிலீஃப் முறையை வையுங்கள். இல்லையேல் அயர்னின் வெப்பமெல்லாம் செம்புக்குள் ஓடிவிடும், அந்தப் பேட் மட்டும் சால்டரை ஏற்காது.

6. சால்டரிங்: சின்னதிலிருந்து உயரத்துக்கு, ரேடியோ கடைசி

முதலில் பிஎம்இ280. ஹாட் ஏர் காற்று மற்ற பாகங்களை ஊதித் தள்ளிவிடும், ஆகவே போர்டு காலியாக இருக்கும்போதே இது முடிய வேண்டும். அதன் உலோக மூடியில் ஒரு துளை இருக்கிறது. ஈரம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. காப்டான் டேப்பால் (வெப்பம் தாங்கும் டேப்) அதை மூடிவிட்டுச் சூடாக்குங்கள். ஃப்ளக்ஸ் உள்ளே போனாலோ பிறகு ஆல்கஹாலால் போர்டைக் கழுவினாலோ ஈரப்பத அளவு கெட்டுவிடும். சூட்டுக்குப்பின் முதல் சில நாள் ஈரப்பதம் தப்பாகக் காட்டினால் பதறாதீர்கள். சாதாரணக் காற்றில் கிடந்தால் மெல்ல நிலைக்கு வரும்.

அடுத்து ஏடிமெகா. ஒரு மூலைப் பின்னை ஒட்டி நேராக்கி, எதிர் மூலையை ஒட்டி, ஃப்ளக்ஸ் தாராளமாக வைத்து வரிசையாக இழுத்துவிடுங்கள். பாலம் விழுந்தால் இன்னும் கொஞ்சம் ஃப்ளக்ஸும் சுத்தமான முனையும் போதும். அதன்பின் ரெசிஸ்டர், கெபாசிட்டர்கள்.

இங்கே நிறுத்துங்கள். ரேடியோவை எடுக்க வேண்டாம்.

7. ரேடியோ இல்லாமல் போர்டை எழுப்புங்கள்

பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து ஷார்ட் இல்லை என்று பாருங்கள். சப்ளையை 3.0 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் வரம்பில் வைத்து இணையுங்கள். வரம்பு விளக்கு எரிந்தால் உடனே எடுத்துவிட்டு பாலம் தேடுங்கள்.

புரோகிராமரை இணைத்து சிப்பின் அடையாளத்தைப் படியுங்கள். கிடைத்தால் ஃப்யூஸ் அமைப்பு (சிப்புக்குள் பதிந்துவைக்கும் அமைப்புகள், மின்உருகி அல்ல). புதிய ஏடிமெகா328பி உள் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 8க்கு மாற்றும்போது ஒன்றை யோசியுங்கள்: 8 மெகாஹெர்ட்ஸுக்கு டேட்டாஷீட் கேட்பது குறைந்தது 2.4 வோல்ட். 1.8 வரை ஓட வேண்டுமானால் 4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகக்கூடாது. இந்தப் போர்டுக்கு 4 தாராளம்.

வோல்டேஜ் குறைந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் ஃப்யூஸும் அப்படித்தான். பழகிய 3.3 வோல்ட் போர்டுகளின் அமைப்பை அப்படியே நகலெடுத்தால் அது 2.7 வோல்ட்டில் நிற்கும். இரண்டு ஏஏஏ என்றால் ஒவ்வொன்றும் 1.35 வோல்ட்டுக்கு இறங்கியதும் போர்டு செத்துப்போகும். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்! பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இந்த ஃப்யூஸைத்தான். 1.8க்கு இறக்குங்கள்.

பிறகு சென்சாரைப் படியுங்கள். ஐ2சி முகவரி ஹெக்ஸில் 76 அல்லது 77, சென்சாரின் எஸ்டிஓ பின் எதில் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இது வரை எல்லாம் சரி என்றால், இனி வரும் எந்தப் பழுதும் ரேடியோவைச் சேர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம். ரேடியோவைக் கடைசிக்குத் தள்ளியது இந்த ஒரு நிச்சயத்துக்காகத்தான்.

8. மாட்யூலை ஒட்டுதல்

ஒரு மூலைப் பேடில் மட்டும் கொஞ்சம் சால்டர் வையுங்கள். கிரவுண்ட் மூலை வேண்டாம், சிக்னல் மூலையாக இருக்கட்டும், மறுபடி உருக்குவது சுலபம். மாட்யூலை ட்வீசரால் பிடித்து, சால்டரை உருக்கியபடி தள்ளி உட்காரவையுங்கள். இப்போது நான்கு பக்கமும் பாருங்கள்: ஒவ்வொரு பாதித் துளையின் நடுவிலும் பேட் தெரிய வேண்டும், மாட்யூல் போர்டின்மேல் தட்டையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். இரண்டாவது மூலையை ஒட்டிவிட்டால் திருத்த ஹாட் ஏர் வேண்டும்.

எதிர் மூலையை ஒட்டி, மற்ற பேடுகளில் ஃப்ளக்ஸ் தடவி, 330 முதல் 350 டிகிரியில் ஒவ்வொன்றாக வாருங்கள். நுனியைப் பேடில் படுக்கவைத்து, துளைச் சுவரைத் தொட்டு, ஒரு விநாடி காத்திருந்து கம்பியைக் கொடுங்கள். சால்டர் சுவரில் ஏறி, பேடில் பரவி, வளைந்த சரிவாக நிற்க வேண்டும்.

ஏமாற்றும் மூட்டு ஒன்று உண்டு: சால்டர் சுவரில் பளபளவென்று உருண்டு நிற்கும், அடியில் பேடைத் தொட்டே இருக்காது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் உருப்பெருக்கியால் பாருங்கள். மீட்டரால் சோதிக்கும்போது ஒரு முனையை மாட்யூலின் துளை மேல் மெதுவாகத் தொட்டு, மற்றதை அந்த டிராக்கின் மறுகோடியில் வையுங்கள். துளையை அழுத்திவிட்டால் ஒட்டாத மூட்டும் தொட்டுக்கொண்டு நல்லதுபோல் பீப் அடிக்கும்.

கழுவுவதைத் தவிருங்கள். உலோக மூடிக்குள் புகுந்த திரவம் வெளியே வராது. நோ-க்ளீன் ஃப்ளக்ஸ் கேட்டது இதற்காகத்தான். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஓரத்தை மட்டும் துடைத்தால் போதும்.

9. பல போர்டு என்றால் பேஸ்ட்

ஒன்றிரண்டு போர்டு நன்றாக ஓடியபின் மட்டும் இதற்கு வாருங்கள். பேஸ்ட் என்பது சால்டர் தூள் கலந்த பசை. அதைப் பேடுகளில் பூச 0.1 முதல் 0.12 மிமீ தடிமனுள்ள ஸ்டென்சில் (துளையிட்ட தகடு) போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பேஸ்ட்டை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள்; திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, சூட்டில் வெடித்துச் சால்டர் மணிகளாகச் சிதறும்.

ஈயம் கலந்த 63/37 பேஸ்ட் 183 டிகிரியில் உருகும், ஈயமில்லா எஸ்ஏசி305 ஏறத்தாழ 217இல். உச்சம் அதற்கு மேலே 20 முதல் 40 டிகிரி, உருகு நிலைக்கு மேல் ஒரு நிமிடத்தை ஒட்டி. மாட்யூலுக்குள்ளும் சால்டர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் பாகம் இருந்தால் மாட்யூல் இருக்கும் பக்கத்தை இரண்டாவதாகச் சூடாக்குங்கள். முதலில் செய்தால் அடுத்த சுற்றில் அது தலைகீழாகத் தொங்கும், உள்ளே இருப்பது உருகி மூடியோ மாட்யூலோ விழும்.

மாட்யூல்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பையைப் பிரித்து வெகுநாள் வெளியே கிடந்ததை அப்படியே ஓவனில் வைத்தால் உள்ளே நீராவி உப்பிப் பிளக்கும். பையில் எழுதியிருக்கும் நேரத்தைத் தாண்டியிருந்தால் அதில் சொன்னபடி உலர்த்துங்கள். அயர்னால் ஒட்டும்போது இந்தக் கவலை பெரிதாக இல்லை.

10. ரேடியோவிடம் பெயர் கேளுங்கள்

ஆன்டெனாக் கம்பியை முதலில் ஒட்டுங்கள். ஆன்டெனா இல்லாமல் முழு சக்தியில் அனுப்பினால் அந்தச் சக்தி திரும்பிவந்து ரேடியோவின் ஆம்ப்ளிஃபையரைக் கெடுக்கக்கூடும். கம்பி நீளம், துளையிலிருந்து நுனி வரை: 433க்கு 165 மிமீ, 868க்கு 82, 915க்கு 78. சில மிமீ நீட்டி வெட்டிக்கொள்ளுங்கள். குறைக்கலாம், நீட்ட முடியாது.

இப்போது நேரே செய்தி அனுப்பப் பார்க்காதீர்கள். ரேடியோவின் பதிப்பு எண்ணைப் படியுங்கள். ஆர்எஃப்எம்69 என்றால் ஹெக்ஸ் 10 முகவரியில் ஹெக்ஸ் 24 (தசமத்தில் 36) வரும். ஆர்எஃப்எம்95 என்றால் ஹெக்ஸ் 42இல் ஹெக்ஸ் 12 (தசமத்தில் 18). அந்த எண் வந்தால் பவரும் எஸ்பிஐயின் நான்கு கம்பியும் சரி. எப்போதும் 0 அல்லது 255 வந்தால் ரேடியோ பதிலே சொல்லவில்லை: மிசோ (ரேடியோ பதில் அனுப்பும் எஸ்பிஐ கம்பி) மூட்டு, சிப் செலக்ட், ரீசெட் பின் என்ற வரிசையில் தேடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால் கிரவுண்ட் மூட்டு ஒன்று சரியாக ஒட்டவில்லை.

ரேடியோவை ஒட்டும் முன் ஏறிய புரோகிராம் இப்போது ஏறவில்லையா? நான்காம் படியில் சொன்ன 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் மூட்டைப் பாருங்கள்.

அப்புறம் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு ரிசீவரிடம் அனுப்புங்கள். இரண்டு புதிய போர்டை ஒன்றோடொன்று பேசவைத்துச் சோதிக்காதீர்கள், எது ஊமை எது செவிடு என்று தெரியாது. ஒரு மீட்டருக்குள் மட்டும் செய்தி போகிறது என்றால் எச்சிடபிள்யூவின் பொதுவான நோய் அது: இந்த வகையில் ஆன்டெனா, சிப்பின் உயர்சக்தி வெளியீட்டில் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. லைப்ரரியில் உயர்சக்தி அமைப்பை இயக்காவிட்டால் சிப் எங்கும் போகாத பின் வழியாகக் கத்திக்கொண்டிருக்கும். ஆர்எஃப்எம்95-உம் அப்படியே.

11. தூக்கத்தில் எவ்வளவு போகிறது

மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் தொடராக வைத்தவுடன் போர்டு வேலை செய்வதை நிறுத்திவிடும். மீட்டர் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அந்த அளவில் மீட்டருக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது, பலவற்றில் 100 ஓம் அளவில். ரேடியோ பத்து மில்லி ஆம்பியர் கேட்டாலே ஒரு வோல்ட் அதில் விழுந்துவிடும். போர்டு ரீசெட் ஆகும், மறுபடி எழும், மறுபடி விழும்.

மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் கம்பி போடுங்கள். போர்டு எழுந்து, அனுப்பி, தூங்கட்டும். தூங்கிய பின் ஜம்பரை எடுத்து எண்ணைப் படியுங்கள். அடுத்து எழும் முன் மறுபடி போட்டுவிடுங்கள்.

அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். 16 மில்லி ஆம்பியர் அளவில் இருந்தால் ரேடியோ கேட்கும் நிலையிலேயே விடப்பட்டிருக்கிறது. 1.2 முதல் 1.6 மில்லி ஆம்பியர் என்றால் ரேடியோ ஸ்டாண்ட்பையில் இருக்கிறது; பவர் வந்ததும் அது தானாக நிற்கும் நிலை அதுதான், தூங்கு என்று நாம் சொன்னால்தான் தூங்கும். நூறு மைக்ரோ ஆம்பியரைத் தாண்டினால் தூங்கும் முன் ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அணைக்கவில்லை. 20 மைக்ரோ ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பிரவுன்-அவுட் காவல்; தூக்கத்தில் மட்டும் அதை அணைக்க 328பியில் வழி இருக்கிறது. எண் கைபட்டால் மாறுகிறதா? பயன்படுத்தாத பின்கள் அந்தரத்தில் தொங்குகின்றன, உள் புல்-அப்பை (பின்னைப் பவரோடு இணைக்கும் உள் ரெசிஸ்டர்) இயக்குங்கள்.

அளக்கும்போது யூஎஸ்பி சீரியல் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அது செருகியிருந்தால் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின் வழியாகவே போர்டுக்கு மின்சாரம் கசியும், எண் பொய் சொல்லும்.

எல்லாம் சரி என்றால் வாட்ச்டாக் (சிப்பை எழுப்பும் உள் கடிகாரம்) மட்டும் ஓடும் நிலையில் மொத்தம் 5, 6 மைக்ரோ ஆம்பியர் வரும். வாட்ச்டாக் அதிகபட்சம் 8 விநாடிதான் தூங்கவிடும். ஐந்து நிமிடத்துக்கு 38 தடவை எழுந்து, எண்ணிவிட்டு உடனே தூங்கினால் போதும். அதற்கான செலவு கணக்கில் தெரியவே தெரியாது.

12. பெட்டியில் அடைக்கும் முன்னும் பின்னும்

ஆன்டெனாவைப் பெட்டிக்குள் மடித்துச் சுருட்டாதீர்கள். வளைத்தே ஆக வேண்டும் என்றால் கம்பியின் முதல் பகுதி போர்டை விட்டு நேராக விலகிப் போகட்டும், வளைவு நுனிப் பக்கம் இருக்கட்டும். பேட்டரிக்கு இணையாக ஒட்டி ஓடினால் கம்பியின் சுருதியே மாறிவிடும். இடமே இல்லை என்றால் சுருள் ஆன்டெனா போடலாம், ஆனால் கம்பியை விட அது ஒரு படி குறைவுதான். உலோகப் பெட்டி கூடவே கூடாது.

நீளத்தைச் சரிசெய்வது பெட்டிக்குள் எல்லாம் வைத்தபிறகுதான். வெறும் போர்டில் நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் கருவி) காட்டும் எண் பெட்டி மூடியதும் நகர்ந்துவிடும். அந்தக் கருவி இல்லையென்றால் ரிசீவரை ஓரிடத்தில் அசையாமல் வைத்து, அது சொல்லும் சிக்னல் பலத்தைப் பார்த்துக்கொண்டே நுனியை 2 மிமீயாகக் குறைத்து வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கையை எடுத்துவிட்டு, எட்டி நின்று படியுங்கள். நம் உடம்பும் சிக்னலை மாற்றும். இரண்டு முனையிலும் கம்பி ஒரே திசையில், இரண்டும் நிமிர்ந்தோ இரண்டும் படுத்தோ இருக்க வேண்டும்.

ஈரமான இடத்துக்குப் போகும் போர்டு என்றால் பாதுகாப்புப் பூச்சு பூசலாம். சென்சாரின் துளையை முதலில் டேப்பால் மறைத்துவிட்டுப் பூசுங்கள், ஆன்டெனாத் துளையின் மேலும் புரோகிராம் பேடுகளின் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சென்சாருக்கு நேரே கீழ்நோக்கி ஒரு துளை வேண்டும், இல்லாவிட்டால் அளப்பது பெட்டிக்குள் அடைபட்ட காற்றை.

மூடியைத் திருகும் முன் கடைசிச் சோதனை ஒன்று: பேட்டரியை எடுத்துவிட்டு சப்ளையிலிருந்து 2.0 வோல்ட் கொடுத்து, ஒரு ஓமிலிருந்து சில ஓம் வரையிலான ரெசிஸ்டரைத் தொடரில் வையுங்கள். தீரப்போகும் பேட்டரி இப்படித்தான் இருக்கும். பத்துச் செய்தியாவது விடாமல் வந்தால் மூடிவிடலாம். நடுவில் ரீசெட் ஆனால் ரேடியோ பக்கத்துக் கெபாசிட்டரின் மூட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அனுப்பும் சக்தியை 13 டிபிஎம்முக்குக் கீழே இறக்கி மறுபடி சோதியுங்கள்.